மேடையை மீட்டல்: ஈழத்துப் பொப்பிசையும் மறுவெளியீடும்

பல பாடகர் சேர்ந்து ஊர் ஊராகப் போய்ப் பாடிய நிகழ்ச்சிகளை இசைத்தட்டாக்கும் வழக்கம் பழையது. 1977 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஸ்டிஃப் இசைத்தட்டு நிறுவனம் எல்விஸ் கொஸ்ரெலோ, இயன் டூரி, நிக் லோ முதலான ஐவரை ஒரே சுற்றுப்பயணத்தில் அனுப்பியது. மறு ஆண்டு அது 'லைவ் ஸ்டிஃப்ஸ் லைவ்' என்ற தொகுப்பானது. அந்தப் பயணத்தில் டூரியே இன்னொரு பாடகருக்கு ட்ரம்ஸ் அடித்தார். தனித்தனி இசைத்தட்டுகளில் கிடைக்காத கூட்டுறவு அது. அதுபோல, 1981இல் வந்த 'டான்ஸ் கிரேஸ்' என்ற இசைநிகழ்ச்சிப் படத்தின் மேடைப் பாடல்கள் 2023இல் மறுபடி வந்தபோது, முன்பு விடுபட்டவையும் சேர்ந்தன. நல்ல மறுவெளியீட்டுக்கு அளவுகோல் இதுதான்: அன்றைய இரவை முடிந்தவரை முழுதாகத் தருவது.

நம் பக்கம் பார்ப்போம். ஈழத்துப் பொப்பிசையின் கதையில் திருகோணமலைக்குப் பெரிய இடம் உண்டு. எம். பி. பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் இந்த மண்ணவர்கள். பரமேஷின் 'உனக்குத் தெரியுமா' இன்றும் மூத்தவர்கள் வாயில் இருக்கிறது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' ஆகியவை கடல் கடந்தன. சிங்களத்தில் சூரியா நிறுவனம் தன் கலைஞர்களைத் திரட்டி 'சூரியா ஷோ' நடத்தியது. தமிழ் மேடையிலும் ஒரே இசைக்குழு இரவு முழுதும் பின்னால் நிற்க, பாடகர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்.

பிரான்சின் அகுஃபோன் நிறுவனம் இலங்கையின் சிங்கள, தமிழ்ப் பொப் பாடல்களை இசைத்தட்டாகத் தொகுத்தது. வரவேற்க வேண்டிய பணி. ஆனால் மறுவெளியீடுகளுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கலையகப் பதிவுகளே. அறிவிப்பாளரின் குரல், "இன்னொருக்காப் பாடுங்கோ" என்ற கூச்சல், வயலின்காரர் சுருதி சேர்க்கும் சில விநாடிகள் ஆகியவை அவற்றில் இல்லை. பாடகர் பெயர் நிலைக்கிறது, வாத்தியக்காரர் பெயர் அழிகிறது. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

மிச்சம் இருப்பவை வீட்டுக் கசெற்றுகள். அவற்றை மீட்பது நுணுக்கமான வேலை. பதிந்த கருவியின் ஹெட் சாய்வும் வாசிக்கும் கருவியின் ஹெட் சாய்வும் ஒத்துப்போகாவிட்டால் உச்ச ஒலிகள் மங்கி, தாளத்தின் கிண்ணென்ற ஓசை கம்பளிக்குள் புதைந்ததுபோலக் கேட்கும். சிறு திருகாணியை மயிரிழை அளவு திருப்பினால் போதும், ஒலி தெளியும். பிறகு இரைச்சல் நீக்குகிறோம் என்று கைதட்டலையும் துடைத்துவிடக் கூடாது. படியின் படியை விட்டு மூலப்பதிவைத் தேட வேண்டும்.

உரிமையும் சிக்கல். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமை அவர் இறந்து 70 ஆண்டு வரை நீடிக்கும். ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டு. ஆகவே பதிவு விடுதலையானாலும் பாட்டு விடுதலையாகியிருக்காது. புலம்பெயர்ந்த குடும்பங்களைத் தேடிச் சம்மதம் வாங்குவதே முறை.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து அச்சு நூல்களை மின்னாவணமாக்கியதுபோல ஒலிப்பதிவுகளுக்கும் விரிவாகச் செய்யலாம். திருகோணமலையின் கப்பல்துறையிலோ சீனன்குடாவிலோ உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய கோயில் திருவிழா, பாடசாலை விழாக் கசெற்றுகள் கிடந்தால் எறியாதீர்கள். உறையில் ஊர், ஆண்டு, தெரிந்த வாத்தியக்காரர் பெயர் எழுதி வையுங்கள்.