பெரில் பேர்ட்டன்: ஒரு நாடகமும் ஒரு வாழ்வும்

உழைக்கும் வர்க்கத்திற் பிறந்த ஒருவரின் சாதனையை எழுதப் புகுவோர் முன் இரு வழிகள் உள்ளன. அவரது மனவுறுதியைப் போற்றிப் பாடுவது ஒன்று. அம்மனவுறுதி எத்தகைய சமுதாய நிலைமைகளோடு மோதிற்று என்று காட்டுவது மற்றொன்று. முதலாவது எளிது, கேட்போரை மகிழ்விப்பது. இரண்டாவதே யதார்த்த இலக்கியத்தின் வழி. ஆங்கில நடிகை மக்சின் பீக் எழுதிய ‘பெரில்’ என்ற நாடகத்தை இவ்வளவுகோல் கொண்டு நாம் நோக்குவோம். 2012இல் வானொலியில் ஒலிபரப்பாகி, 2014இல் லீட்ஸ் நகரில் மேடையேறிய இந்நாடகம், துவிச்சக்கர வண்டி வீராங்கனை பெரில் பேர்ட்டனின் வரலாறாகும்.

1937இல் லீட்ஸில் பிறந்த பெரில், சிறுவயதில் வாதக்காய்ச்சலாற் பீடிக்கப்பட்டு மாதக்கணக்கில் மருத்துவமனையிற் கிடந்தவர். உடலை வருத்தலாகாது என்று மருத்துவர்களால் எச்சரிக்கப்பட்டவர். அவரே 1960இலும் 1967இலும் உலக வீதியோட்டச் சம்பியனானார். 1959 முதல் 1983 வரை இடையறாது 25 ஆண்டுகள் பிரித்தானியாவின் தலைசிறந்த வீராங்கனை என்ற விருதும் அவருடையதே. இக்காலத்தில் அவர் சம்பளம் பெறும் வீராங்கனையாக இருந்ததில்லை. ரூபார்ப் பயிரிடும் பண்ணையொன்றில் மண்ணோடு மாரடித்துவிட்டே பயிற்சிக்குச் சென்றார்.

நான்கே நடிகர்கள் எல்லாப் பாத்திரங்களையும் ஏற்று, மேடையில் வண்டிகளை மிதித்தபடியே இக்கதையைச் சொல்கின்றனர். வீரத்தின் பின்னாலுள்ள வியர்வையைப் பார்வையாளர் கண்ணெதிரே காண்கின்றனர். கணவர் சார்லி தமது பந்தய ஆசைகளைத் துறந்து, மனைவியின் வண்டியைச் செப்பனிட்டு, வீட்டுப் பொறுப்பிலும் பங்கேற்றவர். ஒரு பெண்ணின் வெற்றிக்கு வீட்டு வேலையின் பங்கீடும் ஒரு நிபந்தனை என்ற உண்மை இக்காதற் கதையினூடாகவே வெளிப்படுவது நாடகத்தின் சிறப்பு.

ஆனால் அதன் அன்பும் நகைச்சுவையுமே அதன் பலவீனமும் ஆகின்றன. 1967இல் நடந்த பன்னிரண்டு மணிநேரப் பந்தயத்தில் பெரில் 277.25 மைல் ஓடினார். அன்றே ஆண்களுக்கான புதிய சாதனையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த மைக் மக்நமாராவைக் கடந்து செல்கையில், அவருக்கு ஓர் அதிமதுர இனிப்பை நீட்டினார். எவரும் எடுத்துச் சொல்லும் சம்பவம் இதுவே. அத்தூரத்தை ஆண்கள் எட்ட 1969 வரையும், பெண்கள் எட்ட 2017 வரையும் ஆயின. அரங்கை விட்டு வெளியேறும் பார்வையாளன் இனிப்பை நினைவிற் கொள்வான். அப்பெண்ணுக்கு அடைக்கப்பட்டிருந்த வாயிலை நினைவிற் கொள்வானா?

ஒலிம்பிக்கில் ஆண்களின் சைக்கிளோட்டம் 1896இலேயே தொடங்கியது. பெண்களுக்கு அது திறக்கப்பட்டது 1984இல். அப்போது பெரிலுக்கு வயது 47. உடற்கூற்றின் விதிகள் ஈவிரக்கமற்றவை. திடீர் வேகம் முதலிற் குறையும், நெடுந்தூரத் தாங்குதிறன் பயிற்சியினால் நீடிக்கும். ஆயினும் அவரது மிகச் சிறந்த ஆண்டுகளை ஒலிம்பிக்கிலிருந்து பறித்தது முதுமையன்று, நிறுவனங்களே.

முதுமை வேறொரு காட்சியிற் புலப்படுகின்றது. 1976இல், 39 வயதில், தேசிய வீதியோட்டத்தில் அவரைத் தோற்கடித்தவர் சொந்த மகள் டெனிஸ். மேடையில் மகளின் கையைப் பற்றத் தாய் மறுத்தார். முன்னணியிற் சென்றபோது மகள் தன் பங்கு உழைப்பைத் தரவில்லை என்ற மனத்தாங்கலைப் பின்னர் தம் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். இதைத் தாய்மையின் குறையாகக் காண்போர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஊதியமோ ஒலிம்பிக் வாய்ப்போ வழங்கப்படாத ஒருவருக்கு, தோல்வி எத்தனை பெரிய இழப்பு என்பதையே அம்மறுப்பு உணர்த்துகின்றது.

அண்மைக் காலத்தில் கிறிஸ்டின் ஆம்ஸ்ரோங் 2016இல், 43ஆவது பிறந்தநாளுக்கு முந்தினம், ஒலிம்பிக் தங்கம் வென்றார். அனெமீக் வான் வ்லூட்டன் 2022இல், 39 வயதில், உலகச் சம்பியனானார். இவற்றைக் கண்டு ‘வயது மனத்தின் கற்பனை’ என்று சொல்வோர், பயிற்றுநரும் அறிவியற் பயிற்சியும் திறந்துவிடப்பட்ட பந்தயங்களும் செய்த பணியை மறைக்கின்றனர்.

1996இல், 59ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பு, விழா அழைப்பிதழ்களைக் கொடுப்பதற்காக வண்டியில் சென்றபோதே பெரிலின் இதயம் நின்றது. இதை ஒரு வீராங்கனைக்குரிய அழகிய முடிவு என்று சொல்லி அமைதி காண்பது நமக்கு உடன்பாடன்று. மறக்கப்பட்ட ஒரு தொழிலாளப் பெண்ணை மீட்டெடுத்தமைக்காக மக்சின் பீக்கை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். ஆனால் நாடகம் முடிந்து எழும் கைதட்டலோடு நம் கடமை தீர்ந்துவிடுவதில்லை. இன்னுமொரு சிறுமி, இன்னுமொரு வாயிலின் முன் 47 வயதுவரை காத்திருக்க நேருமா என்ற கேள்வியுடனேயே நாம் வீடு திரும்ப வேண்டும்.