மோமோவும் திமூரும்

இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட் பக்கம் ‘இந்திய, இமாலய உணவகம்’ என்று பலகை போட்ட கடைக்குப் போனால், பட்டர் சிக்கன் பக்கத்தைத் தயங்காமல் புரட்டிவிடலாம். அது எங்கும் கிடைக்கும். ஆல்டர்ஷாட் பழைய ராணுவ முகாம் ஊர். பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து 1997க்கு முன் ஓய்வுபெற்ற நேபாள கூர்க்கா வீரர்களும் பிரிட்டனில் குடியேறலாம் என்று 2009இல் அனுமதி வந்தபின் நேபாளக் குடும்பங்கள் இங்கே பெருகின.

அவர்கள் சமையலில் முதலில் மோமோ, பூரணம் வைத்து அவிக்கும் கொழுக்கட்டை. மைதா வட்டம் நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்திருக்க வேண்டும். அந்த ஓரத்தைச் சேலைக் கொசுவம்போல் விரலால் மடித்து மடித்து உச்சியில் சேர்க்கிறார்கள். கடித்தால் சூடான சாறு வாயில் இறங்க வேண்டும். இறங்கவில்லையா? வேகும்போதே எங்கோ மடிப்பு விட்டு ஒழுகிவிட்டது.

தொட்டுக்கொள்ள, தக்காளியும் வறுத்த எள்ளும் அரைத்த அச்சார். அதில் திமூர் என்ற மலைமிளகு சேர்ந்திருந்தால் அதிர்ஷ்டம்தான். முதலில் எலுமிச்சை வாசம். அப்புறம் உதடு மெல்ல மரத்துப்போகும். காரம் பழகிய நாக்குக்குக்கூட இது புதுசு.

நான் ரொட்டியைவிடச் சோறே இங்கு பொருத்தம். பருப்பில் நெய்யில் பொரித்த ஜிம்பு மணக்கும்: முஸ்தாங் மலைப்பகுதியில் விளையும், வெங்காயக் குடும்பத்து உலர்தாள். கூடவே குந்துருக் இருந்தால் விடாதீர்கள். கடுகுக் கீரையைப் புளிக்கவைத்து வெயிலில் காயவைத்த சரக்கு. வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பரவாயில்லை.