பாளைக் கட்டு

மறைமலைநகரின் தொழிற்சாலை மதில்களைத் தாண்டி மாமல்லபுரம் பக்கம் போனால் பனைகள் கண்ணில் படத் தொடங்கும். அவற்றின் பதநீரைக் குடிப்பவர்கள் சுவையைப் புகழ்வார்கள். எனக்கென்னவோ அதற்கு முந்தைய கட்டுவேலைதான் பெரிது.

ஆண்பனையின் பாளையில் விரல் விரலாக நீளும் கதிர்களைக் கடிப்பு என்ற கருவியால் பக்குவமாக நசுக்கி, ஒன்றுசேர்த்து நாரால் இழுத்துக் கட்டுகிறார்கள். கட்டு தளர்ந்தால் கதிர் விரிந்துபோகும். நசுக்கு கூடினால் சிதைந்துபோகும். இதற்கு அளவுகோல் கிடையாது, கைதான் கணக்கு. பிறகு காலையும் மாலையும் ஏறி, நுனியில் மெல்லிசாக ஒரு சீவல். சொட்டும் சாற்றைப் பிடிக்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ மறந்தால் பதநீர் கள்ளாகிவிடும்.

மரத்துச் சாற்றுக்கான கட்டுவேலை வேறு இடத்திலும் உண்டு. கனடாவில் மேப்பிள் மரங்களுக்கிடையே பிளாஸ்டிக் குழாய்களைத் தொய்வில்லாமல், சரிவு பார்த்து இழுத்துக் கட்டி, பம்ப் வைத்தே சாற்றை உறிஞ்சுகிறார்கள். அதில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். ஏறக்குறைய 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. பதநீரில் இனிப்பு அதைவிடப் பல மடங்கு. ஆனால் இங்கே குழாய் இல்லை. மரத்துக்கு மரம் ஆள் ஏறவேண்டும். சாலையோரத்தில் ஒரு சொம்புக்குப் பேரம் பேசுகிறவர்கள் ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.