கண் திறந்திருக்கிறதா?

சில மாதங்கள் மூட்டையில் குத்திப் பழகிய பையன் முதன்முறை ஸ்பாரிங்குக்காக (பயிற்சி மோதலுக்காக) குத்துச்சண்டை ரிங்கில் ஏறும்போது அவன் கையைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். எதிராளியின் கிளவுஸ் கிளம்பியதுமே கண்ணை இறுக மூடுவான், தலையைத் திருப்பிக்கொள்வான், மூச்சை அடக்குவான். தோள்கள் காதுவரை ஏறிவிடும். முதல் ரவுண்டு முடிவதற்குள் கையைத் தூக்கக்கூட முடியாமல் நிற்பான். ‘ஸ்டாமினா பத்தலை’ என்று மறுநாள் கூடுதலாக நாலு சுற்று ஓட விடுவார்கள். எத்தனை சுற்று ஓடினாலும் இது தீராது. மூட்டை திருப்பி அடிப்பதில்லை. தன்னை நோக்கி வரும் குத்தைப் பார்க்க அந்த உடம்புக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

2021-இல் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்தபோது வடசென்னையின் குத்துச்சண்டை மரபு தமிழகம் முழுக்கப் பேசப்பட்டது. அந்த ஆசையோடு கிளவுஸ் மாட்ட வரும் பிள்ளைகளை நாம் எப்படி வரவேற்கிறோம்? ‘தில்லு இருக்கானு பாக்கலாம்’ என்று வந்த சில வாரத்திலேயே சீனியர் முன்னால் தள்ளிவிடும் வழக்கம் சில கூடங்களில் இன்னும் இருக்கிறது. இது தவறு. இதில் தாக்குப்பிடிப்பவன் வலி பொறுப்பவன், அவ்வளவுதான். நல்ல காலடியும் கூர்மையான கண்ணும் உள்ள பிள்ளை அடுத்த நாள் வராமலே போய்விடலாம். அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது.

ஸ்பாரிங்கைத் துண்டு துண்டாகத்தான் ஊட்ட வேண்டும். முதலில் ஒருவன் மெதுவாக ஜாப் (முன்னால் நிற்கும் கையால் போடும் நேர்க்குத்து) மட்டும் போடட்டும். மற்றவன் அதை உள்ளங்கையில் வாங்கட்டும், திருப்பி அடிக்கவே கூடாது. பார்வை எதிராளியின் நெஞ்சில் நிற்க வேண்டும். தோளும் இடுப்பும் அசைவது அங்கிருந்தே தெரிந்துவிடும். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு மூச்சு வெளியே போக வேண்டும். அடுத்தது, ஒருவர் தோளை ஒருவர் தொடும் ஆட்டம். அடிபடும் பயமில்லாமல் தூரத்தை அளக்க இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு தலையை விட்டுவிட்டு உடம்புக்கு மட்டும் குத்து. அப்புறம் இருவருக்கும் ஜாப் மட்டும். பின்வாங்கும்போது தாடையைத் தூக்குகிறானா, நேர்கோட்டில் கயிறுவரை போய் மாட்டிக்கொள்கிறானா, குத்திய கை தாழ்ந்தபடி திரும்புகிறதா என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். இங்கே திருத்தாததை முழு ஸ்பாரிங்கில் திருத்த முடியாது.

ஜோடி சேர்ப்பதில்தான் பெரிய பிழை நடக்கிறது. இரண்டு புதியவர்களைச் சேர்த்துவிடுவது நியாயம்போலத் தோன்றும். ஆனால் பயந்தவன் முழு பலத்தோடுதான் குத்துவான். இருவருமே பயந்திருந்தால் நடப்பது தெருச்சண்டை. புதியவனுக்கு ஏற்ற ஜோடி, தன் கையின் வேகத்தைக் குறைக்கத் தெரிந்த அனுபவசாலி. அவனையும் கோச் கயிற்றருகே நின்று கவனிக்க வேண்டும், போனில் மூழ்கியிருக்கக் கூடாது.

பெரிய கிளவுஸும் தலைக்கவசமும் இருந்தால் போதும் என்று நம்புகிறவர்கள் உண்டு. போட்டியில் பெரும்பாலும் 10 அவுன்ஸ், ஸ்பாரிங்கில் வழக்கமாக 16 அவுன்ஸ். குத்தின் கூர்மை குறையும், மூளை குலுங்குவது நிற்காது. தலைக்கவசம் வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் தடுக்கும். மூளை அதிர்ச்சிக்கு அது காப்பல்ல. சர்வதேச அமெச்சூர் அமைப்பு 2013-இல் முதுநிலை ஆண்கள் போட்டியிலிருந்து தலைக்கவசத்தை எடுத்தே விட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறுந்தலையோடு மோதினார்கள்.

போட்டியில் தலையில் அடிபட்டு ஆட்டம் நிறுத்தப்பட்டால் குறைந்தது 30 நாள் ஓய்வு என்று அமெச்சூர் விதி சொல்கிறது. ஸ்பாரிங்குக்கும் அந்தத் தடை உண்டு. பயிற்சிக் கூடத்தில் விழும் குத்தைப் பதிவுசெய்ய நடுவரோ டாக்டரோ கிடையாது. ஆகவே கோச்சிடம் ஒரு நோட்டு இருக்கட்டும்: யார், என்றைக்கு, தலையில் பலமாக வாங்கினார் என்று. மறுநாள் காலையிலும் கேட்க வேண்டும்: தலை வலிக்கிறதா, குமட்டுகிறதா, தூக்கம் கெட்டதா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தாலும் டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை அந்தப் பிள்ளைக்கு கிளவுஸ் கிடையாது.