இயக்கவியற் கணக்குகளும் உரை காணும் முறையும்

செய்யுளுக்கு உரை காண்பது போலவே கணக்கிற்கும் உரை காணல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. கலைப்பட்டதாரி ஒருவன் பௌதிகவியலிற் புகுந்து பேசுதல் தகுமோ என்று ஐயுறுவார் சிலர் இருக்கலாம். ஆனால் நம் மாணவர் இடறி விழுவது பெரும்பாலும் எண்களிலன்று, சொற்களிலே. ஆதலின் மொழி பயின்றவனுக்கும் இதில் ஓரளவு உரிமை உண்டு.

இன்று நம் வகுப்புகளிற் கணக்குச் செய்யப்பெறும் முறை யாது? மாணவன் வினாவைப் படிக்கிறான். அதிலுள்ள எண்களைப் பொறுக்குகிறான். அவற்றிற்கு இடங்கொடுக்கும் சமன்பாடொன்றை நினைவிலிருந்து எடுத்துப் பிரதியிடுகிறான். விடை வாராதாயின் வேறொரு சமன்பாடு. எண்கள் ஏறி நிற்கும் பந்தற்கால்களாகவே வினாவின் சொற்கள் அவனுக்குத் தோன்றுகின்றன.

வழக்கமான ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். இலேசான, நீளா இழையொன்று ஒப்பமான நிலைத்த கப்பியின் மேலாகச் செல்கின்றது. அதன் முனைகளில் 3 கிலோகிராம், 2 கிலோகிராம் திணிவுகள் தொங்குகின்றன. ஈண்டு அடைமொழி ஒன்றும் வீணன்று. ‘நீளா’ என்றமையால் இரு திணிவுகளின் ஆர்முடுகலும் பருமனிற் சமம். ‘இலேசான’, ‘ஒப்பமான’ என்னும் இரண்டும் சேர்ந்தே இழையின் இழுவை எங்கும் ஒன்று என்னும் முடிபைத் தருகின்றன. ஒன்றை நீக்கினும் அம்முடிபு நில்லாது. பரிமேலழகர் கையில் இவ்வினா கிடைத்திருப்பின் ஒவ்வோர் அடைமொழிக்கும் பயன் கூறாமல் விட்டிருப்பாரோ? நம் வகுப்பிலோ இச்சொற்களை வாய்பாடு போல விரைந்து கடந்துவிடுகின்றோம்.

புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால் ஒவ்வொரு திணிவின் ஆர்முடுகலும் 2 மீற்றர்/செக்கன்². இழுவை 24 நியூற்றன். இவ்வளவில் நின்றுவிடாது, ‘கப்பியைத் தாங்கும் கொளுக்கி, கப்பியின் நிறை நீங்கலாக, எவ்வளவைச் சுமக்கின்றது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘தொங்குவது 5 கிலோகிராம், ஆகவே 50 நியூற்றன்’ என்பர் பலர். விடை 48. மறைந்த 2 நியூற்றன் எங்கே? பாரமான திணிவு இறங்க, இலேசானது ஏற, இரண்டின் பொது ஈர்ப்பு மையம் கீழ்நோக்கி ஆர்முடுகுகின்றது. அதற்குத் தேவையான விசையே அந்த 2 நியூற்றன். இதனை உணர்ந்தவன் இயக்கவியலின் வாயிலைக் கடந்தவன். உணராதவன் பத்து வினாத்தாள்களைச் செய்தும் வெளியிலேயே நிற்பவன்.

உராய்வில் நிகழும் பிழை இதனினும் சுவையானது. கிடையோடு 30 பாகை சாய்ந்த பலகையில் 20 கிலோகிராம் கொழுந்து மூட்டையொன்று ஓய்விலிருக்கின்றது. உராய்வுக் குணகம் 0.8, உராய்வு விசை யாது? மாணவன் குணகத்தைச் செவ்வன் மறுதாக்கத்தாற் பெருக்கி 138.6 நியூற்றன் என எழுதுகிறான். மூட்டையைக் கீழிழுக்கும் நிறைக்கூறோ 100 நியூற்றன் மட்டுமே. அவன் கூற்று மெய்யாயின் மூட்டை தானாகவே மலையேறத் தொடங்கும். கொழுந்து சுமக்கும் நம் தாய்மாருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! 138.6 என்பது உராய்வின் எல்லை. ஓய்விலுள்ள பொருளில் உராய்வு தேவையான அளவுக்கே எழும். இங்கே அது 100. சூத்திரத்தை மனனஞ் செய்தவனுக்கு ‘எல்லை’ என்ற சொல் காதில் விழுவதில்லை.

மலையகத்தில் இன்னோர் இடரும் உண்டு. போதிய நூல்கள் இல்லாத நிலையில் நம் பிள்ளைகள் தமிழகத்து நூல்களையும் நாடுகின்றனர். அங்கே ‘நிறை’ என்பது பொருளின் திணிவு; இங்கே அதே சொல் அதன்மீதுள்ள புவியீர்ப்பு விசை. அங்கே ‘வேகம்’ திசையற்றது. இங்கே அது திசையுடையது, திசையற்றதைக் ‘கதி’ என்கிறோம். இரு வழக்கும் தத்தம் அளவிற் செம்மையானவை. எது உயர்ந்தது என வாதிடுவது வீண்வேலை. ஆனால் இவ்வேறுபாட்டை முதல் நாளிலேயே சொல்லாத ஆசிரியர், மாணவன் விடை பத்து மடங்கு பிழைக்கும்போது அவன் அறிவைக் குறைகூறுதல் முறையன்று. உயர்தரக் கணிதப் பிரிவுள்ள பாடசாலைகள் அரிதான இப்பகுதியில், ஒரு சொல்லின் மயக்கத்தால் ஒரு பிள்ளை அப்பிரிவை விட்டு விலகுமாயின் அது சிறிய இழப்பன்று.

1981 இல் அமெரிக்காவில் மிச்சலின் சீ, பெல்ற்றோவிச், கிளேசர் என்போர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பௌதிகவியற் கணக்குகளை இனம்பிரிக்குமாறு கேட்டபோது, தொடக்க மாணவர் சாய்தளம் உள்ளவை ஒன்று, வில் உள்ளவை ஒன்று என வெளித்தோற்றத்தாற் பிரித்தனர். துறையில் முதிர்ந்தோரோ எவ்விதி ஆளுகின்றது என்பதைக் கொண்டு பிரித்தனர். இது நமக்கும் ஓர் எச்சரிக்கை. உள்ளூர் உதாரணம் வேண்டும் என்று கட்டையை நீக்கிக் கொழுந்து மூட்டையை வைப்பதனால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது. நான் மேலே வைத்த மூட்டையும் அவ்வளவே. உள்ளூர்ப் பொருள் புதிய கேள்வியை எழுப்பினாலன்றிப் பயனில்லை.

அத்தகைய பொருள் நம் கண்முன்னே உண்டு. 1884 இல் ஹட்டனை அடைந்த புகையிரதப் பாதை, செங்குத்தான இடங்களில் 44 இற்கு 1 என்னும் சாய்வில் ஏறுகின்றது. (இச்சாய்வில் சைனும் தான்சனும் ஏறக்குறைய ஒன்றே, அதனை நிறுவுதலும் நல்லதொரு பயிற்சி.) எஞ்சினும் பெட்டிகளுமாக 300 தொன் எனவும், மாறா வேகத்தில் ஏறுகின்றது எனவும் கொள்வோம். ‘ஆர்முடுகல் இல்லை, எனவே விசையும் இல்லை’ என்று எழுதும் மாணவன் உண்டு. இல்லாதது விளையுள் விசையே. சாய்வின் வழியே கீழிழுக்கும் நிறைக்கூறு மட்டும் ஏறத்தாழ 68,000 நியூற்றன். அதற்கு நிகரான விசையை எஞ்சின் தந்தாக வேண்டும். எங்கிருந்து? தண்டவாளத்தின் உராய்விலிருந்தே.

எஞ்சின் 80 தொன், அதன் சில்லுகள் யாவும் உந்துவன என்க. உலர்ந்த தண்டவாளத்தில் குணகம் 0.25 எனின் உராய்வின் எல்லை ஏறத்தாழ 200,000 நியூற்றன்; கவலையில்லை. மூடுபனி படிந்து அது 0.1 ஆகத் தாழ்ந்தால் எல்லை 80,000 மட்டுமே. வளைவுகளின் தடையும் உருளல் தடையும் சேர்ந்தால் எஞ்சுவது மிகச் சிறிது. சில்லு வழுக்கிச் சுழலலாம். மலையேறும் எஞ்சின்களிலே சில்லின் முன்னே மணல் தூவும் ஏற்பாடு எதற்கு என்று அப்பொழுது வகுப்பிற் கேட்கலாம். சூத்திரம் தேடுவோன் அவ்வினாவில் எண் ஒன்றும் காணாது திகைப்பான்.