சிரிப்பில் எஞ்சும் செய்தி: தமிழ்த் தொலைக்காட்சி நையாண்டியும் புதுக்கோட்டை மாவட்டமும்

ஆய்வுச்சுருக்கம்

நையாண்டி நிகழ்ச்சிகள் இளைஞர்களுக்குச் செய்தி வாயிலாக விளங்குகின்றன என்னும் கருத்து அமெரிக்க ஊடக ஆய்வில் தோன்றித் தமிழ்ச் சூழலிலும் வழங்கி வருகிறது. 2022இல் சர்ச்சைக்குள்ளான சிறுவர் நகைச்சுவை நிகழ்ச்சி, வடிவேலு காட்சித்துண்டுகளின் பயன்பாடு, புதுக்கோட்டை வட்டார ஸ்பெஷல் நாடகத்தின் பபூன் ஆகியவற்றை ஒப்புநோக்கி இக்கட்டுரை அக்கருத்தை மதிப்பிடுகிறது. நையாண்டிக்குள் வர இயலாத செய்திகள் எவை என்பதே இதன் மையக் கேள்வி.

திறவுச்சொற்கள்: நையாண்டி, எள்ளல், மெய்ப்பாடு, பபூன், ஸ்பெஷல் நாடகம், நெடுவாசல், வேங்கைவயல்

முன்னுரை

2004 ஜனவரியில் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணிப்பில், 30 வயதுக்குட்பட்டோரில் 21 விழுக்காட்டினர் அதிபர் தேர்தல் பரப்புரை பற்றிய செய்திகளை நகைச்சுவை நிகழ்ச்சிகள் வழியாக வழக்கமாக அறிவதாகக் கூறினர். ஜான் ஸ்டூவர்ட் நடத்திய 'தி டெய்லி ஷோ' அப்போது புகழின் உச்சியில் இருந்தது. அடுத்த ஆண்டு ஜெஃப்ரி பேம் எழுதிய கட்டுரை, அந்நிகழ்ச்சியைப் போலிச் செய்தி என ஒதுக்காமல் இதழியலின் புதிய வடிவமாகவே கொள்ள வேண்டும் என வாதிட்டது. இவ்விரண்டையும் சான்றாக்கி, தமிழிலும் நையாண்டியே இன்றைய தலைமுறையின் செய்தித்தாள் என்று கூறும் போக்கு பரவலாக உள்ளது. கருத்தரங்குகளில் இக்கூற்று ஏறத்தாழ ஐயத்திற்கு இடமில்லாத முடிவைப் போல ஒலிக்கிறது.

இக்கூற்றில் ஒரு வேறுபாடு மறைந்துவிடுகிறது. டெய்லி ஷோவின் அடிப்படை உத்தி ஆவணக் காட்சி. ஒரு தலைவர் இன்று கூறியதையும், அதற்கு மாறாக அவரே முன்பு கூறியதையும் அடுத்தடுத்துக் காட்டுவார்கள். சிரிப்புக்குள்ளேயே சான்று இருக்கும். அச்செய்தியை முன்னர் அறியாதவரும் அந்த இரண்டு நிமிடத்தில் அறிந்துகொள்வார். தமிழ்த் தொலைக்காட்சி நகைச்சுவையின் அடிப்படையோ போலச்செய்தல். குரல், நடை, உடை ஆகியவற்றைப் போலச் செய்யும் கலைஞர், பார்வையாளர் முன்பே அறிந்த ஒருவரைத்தான் போலச் செய்ய முடியும். அறியாத ஒருவரின் குரலைப் போலச்செய்து எவரையும் சிரிக்கவைக்க இயலாது.

விஜய் தொலைக்காட்சியின் 'லொள்ளு சபா' பகடி செய்தது திரைப்படங்களை. 'கலக்கப் போவது யாரு'வில் அரசியல் தலைவர்கள் குரல்களாக வந்தனர். அவர்களுடைய கொள்கைகளும் ஆணைகளும் அரிதாகவே வந்தன. இதற்குக் கலைஞர்களைக் குறைகூறுவது பொருந்தாது. சன் (1993), ஜெயா (1999), மக்கள் (2006), கலைஞர் (2007), கேப்டன் (2010) எனத் தமிழ்த் தொலைக்காட்சியின் பெரும்பகுதி கட்சிகளோடும் கட்சிக் குடும்பங்களோடும் உறவுடையதாகவே வளர்ந்தது. எதிர்க்கட்சியை மட்டும் எள்ளுவது நையாண்டி ஆகாது. அது பரப்புரையின் இன்னொரு வடிவம். அரசியல் நையாண்டி பின்னர் யூடியூபிற்கு இடம்பெயர்ந்ததற்கு இவ்வுடைமை முறை ஒரு முதன்மைக் காரணம் எனலாம்.

எள்ளலும் இளமையும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. பேராசிரியர் இவை ஒவ்வொன்றும் தன்னிடத்தும் பிறரிடத்தும் தோன்றும் என விரிக்கிறார். பிறரை எள்ளி நகுவதோடு, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுவதும் எள்ளலின் பாற்படும். எள்ளப்படுபவரும் நகக்கூடும் என்னும் இந்த இரண்டாம் கூற்றை அரசியல் நையாண்டி பற்றிய பேச்சில் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

2022 ஜனவரி 15 அன்று ஜீ தமிழ் தொலைக்காட்சியின் 'ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்' நான்காம் பருவத்தில் சிறுவர் இருவர் ஒரு நாடகத் துணுக்கை நடித்தனர். சிம்புதேவன் இயக்கத்தில் 2006இல் வெளிவந்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யின் மன்னரும் அமைச்சருமே அவர்கள் ஏற்ற வேடங்கள். கறுப்புப் பணத்தை ஒழிக்கப் பணத்தாள்களைச் செல்லாதவையாக்கிய மன்னர், அவருடைய அயல்நாட்டுப் பயணங்கள், வண்ண வண்ண மேலங்கிகள் எனத் துணுக்கு நகர்ந்தது. பிரதமரின் பெயர் சொல்லப்படவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பாரதிய ஜனதா கட்சியின் தமிழ்நாட்டுத் தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் முறையிட்டார். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளால் இவற்றின் பொருளைப் புரிந்துகொள்ள இயலாது என்பது அம்முறையீட்டின் வாதங்களுள் ஒன்று. ஜனவரி 17 அன்று ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஏழு நாள்களுக்குள் விளக்கம் கேட்டு நிறுவனத்திற்கு அறிவிக்கை அனுப்பியது.

இத்துணுக்கில் இரண்டு நிலைக்களன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. பெரியவர் எழுதிய எள்ளல் குழந்தையின் வாயில் இளமையாக ஒலிக்கிறது. மழலையைக் கண்டு நகும் அவையோர், தாம் ஆட்சியைக் கண்டு நகுவதாக ஒப்புக்கொள்ளவேண்டிய கட்டாயமில்லை. புலிகேசி என்னும் திரைப்பாத்திரம் மற்றொரு திரையாக நிற்கிறது. இவ்வளவு மறைப்புகளோடுதான் தமிழ்த் தொலைக்காட்சியில் ஓர் அரசியல் எள்ளல் வெளிவர முடிந்தது என்பது கவனத்திற்குரியது. குழந்தைக்குப் பொருள் புரியாது என்னும் முறையீடு, தன்னை அறியாமலே, இம்மறைப்பின் இலக்கணத்தைச் சரியாக இனங்கண்டிருக்கிறது.

இத்துணுக்கு எச்செய்தியைத் தந்தது? 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என அறிவிக்கப்பட்டது 2016 நவம்பர் 8 அன்று. துணுக்கு ஒளிபரப்பாகியது ஐந்தாண்டுகள் கழித்து. வங்கி வாயிலில் வரிசையில் நின்ற எவருக்கும் அது தகவல் ஆகாது. பார்வையாளர் பெற்றது நினைவு. அந்நினைவு தமக்கு மட்டும் உரியதன்று என்னும் ஆறுதல். தொலைக்காட்சியில் செய்தியாக ஆனது துணுக்கின் உள்ளடக்கமன்று, அமைச்சகத்தின் அறிவிக்கை. 1987இல் ஆனந்த விகடன் அட்டைப்பட நகைச்சுவைக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டப்பேரவை சிறைத்தண்டனை விதித்தபோதும், 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்தை முன்னிட்டு விகடன் இணையதளம் முடக்கப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. தண்டிக்கப்பட்ட பிறகே சிரிப்பு செய்தியாகிறது. நையாண்டியைச் செய்தி வாயில் எனக் கூறுவோர் இவ்வரிசை மாற்றத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

முகம் என்னும் விமரிசனம்

வடிவேலுவின் காட்சித்துண்டுகளைச் செய்திக் காட்சிகளோடு இணைப்பது தமிழுக்கே உரிய ஒரு வடிவம். மேலே தலைவரின் கூற்று, கீழே வடிவேலுவின் முகம். மீம்களில் வளர்ந்த இவ்வடிவத்தைச் செய்தித் தொலைக்காட்சிகளின் நையாண்டிப் பகுதிகளும் எடுத்தாண்டன. தலைவரின் உண்மையான காட்சியைப் பயன்படுத்துவதால் இது டெய்லி ஷோவின் உத்திக்கு நெருங்கியது போலத் தோன்றும். எனினும் டெய்லி ஷோவில் முதற்கூற்றை மறுப்பது அதே தலைவரின் இன்னொரு கூற்று. இங்கு மறுப்பது ஒரு முகபாவம். அம்முகம் 'இதை நான் நம்பவில்லை' என்று சொல்லும். ஏன் நம்பவில்லை என்பதை அதனால் சொல்ல இயலாது. கலையாக நோக்கின் இது அரிய சாதனை. தகவலாக நோக்கின் மிக மெலிந்தது.

2019 மே இறுதியில் நிகழ்ந்தது இவ்வடிவத்தின் எல்லையைக் காட்டும். 2001இல் வந்த 'ஃபிரண்ட்ஸ்' படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த கான்ட்ராக்டர் நேசமணி என்னும் கற்பனைப் பாத்திரத்திற்காகப் பிரார்த்திக்கும் குறிச்சொல் டுவிட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்தது. மே 30 அன்று புதிய ஒன்றிய அமைச்சரவை பதவியேற்றது. செய்தித் தொலைக்காட்சிகள் இரண்டையும் செய்தியாக வாசித்தன. இதனைத் தமிழரின் எதிர்ப்புணர்வு எனப் பாராட்டியவர் உண்டு. அவ்வாசிப்பை மறுப்பதற்கில்லை; ஆயினும் அன்று பதவியேற்றவர் எவர், அவருக்கு எத்துறை என்பதைச் சுத்தியலிலிருந்து எவரும் அறிந்திருக்க முடியாது.

பபூன் அறிந்த ஊர்

புதுக்கோட்டை, மதுரை, சிவகங்கை வட்டாரங்களில் கோயில் திருவிழாக் காலத்தில் நடக்கும் ஸ்பெஷல் நாடகம் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மரபில் வருவது. நடிகர்கள் ஒரே குழுவினர் அல்லர். ஒவ்வொரு இரவுக்கும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்யப்பட்டு, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து மேடையில் கூடுவர். புதுக்கோட்டை இக்கலைஞர்கள் செறிந்து வாழும் நகரங்களுள் ஒன்று. இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நீளும் 'வள்ளி திருமணம்' முதலிய நாடகங்களில், வேலனும் வேடனும் வருவதற்கு நெடுநேரம் முன்பே பபூன் தோன்றுவார். ஆர்மோனியம், மிருதங்கம், ஓசைகளை எழுப்பும் ஆல்ரவுண்டு ஆகிய பக்க இசைக்காரர்களைப் பேச்சுத் துணையாக்கிக்கொண்டு அவையோரோடு உரையாடுவார்.

2005இல் வெளிவந்த தம் நூலில் இக்கலையை விரிவாக ஆய்ந்த சூசன் சீசர், பபூன் தாம் பேசும் பொருளுக்கும் தமக்கும் இடையே ஒரு தொலைவைப் பேணும் முறையை நுட்பமாகக் காட்டுகிறார். அவருடைய கவனம் பாலினம், கலைஞர் மீதான இழிவு ஆகியவற்றில் குவிந்துள்ளது. நம் பொருளுக்கு இன்றியமையாதது மற்றொரு கூறு: பபூனின் பேச்சு இடத்தோடு பிணைந்தது. ஊரின் பெயர், விழாக் குழுவினர், வரும் வழியில் கண்ட சாலை, ஊருணியின் நிலை ஆகியவை அவருக்குப் பொருளாகக் கூடும். சாலை பழுதென்பது அவையோர்க்குப் புதிதன்று. ஆனால் அதற்குப் பொறுப்பானவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடிய அவையில் அது சொல்லப்படுகிறது. எள்ளப்பட்டவரும் உடன் நகவேண்டிய நிலை அங்கே உருவாகிறது. பேராசிரியர் கூறும் இரண்டாம் வகை எள்ளலுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இன்றைய தொலைக்காட்சியில் இல்லை.

பபூனை இலட்சியப்படுத்துதல் தவறு. அவருடைய நகைச்சுவையில் பெண்ணை இழிவுபடுத்தும் பகுதி மிகுதி. விழாவை நடத்தும் சாதியினரின் மனம் கோண அவர் பேசுவதும் எளிதன்று. அவரை அழைப்பவர்களும் ஊதியம் தருபவர்களும் அவர்களே. தொலைக்காட்சிக்கு உடைமையாளர் எப்படியோ பபூனுக்கு விழாக் குழு அப்படி.

வராத செய்திகள்

2017 பிப்ரவரி 15 அன்று ஒன்றிய அமைச்சரவை கண்டறியப்பட்ட சிறு எண்ணெய், எரிவாயு வயல்களுக்கான ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் அளித்தது. பட்டியலில் ஆலங்குடி வட்டத்து நெடுவாசல் இருந்தது. மறுநாளே ஊர் மக்கள் போராட்டத்தைத் தொடங்கினர். மாதங்கள் நீண்ட அப்போராட்டம் ஹைட்ரோகார்பன் என்னும் சொல்லைத் தமிழகம் முழுதும் பழக்கப்படுத்தியது. நையாண்டி அதற்குப் பின்னரே வந்தது. திட்டத்தின் உரிமம் எவருக்கு, ஆழ்துளைக் கிணறுகள் எங்கே, நிலக் குத்தகை எத்தகையது என்பவற்றை நாளிதழ்களின் மாவட்டச் செய்தியாளர்களும் போராட்டக்காரர்களின் துண்டறிக்கைகளுமே முதலில் தந்தன.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இதனினும் கடுமையான சான்று. கீரமங்கலம், கொத்தமங்கலம் பகுதிகளில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து, ஊரகப் பகுதிகள் பலவற்றில் மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. அந்நாள்களில் அங்குத் தொலைக்காட்சியே இல்லை. கடற்கரை மாவட்டங்களின் மீது குவிந்த செய்திக் கவனம் புதுக்கோட்டையின் உட்பகுதிகளுக்கு வந்துசேரத் தாமதமாயிற்று. செய்தி செல்லாத ஊருக்கு நையாண்டி செல்வதில்லை. எள்ளுவதற்கு முதலில் எவரேனும் சென்று பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

2022 டிசம்பர் 26 அன்று முட்டுக்காடு ஊராட்சி வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிநீர் பெறும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. 2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டது. இரண்டாண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது தெரியவந்தது. அம்மக்களும் பல கட்சிகளும் அமைப்புகளும் அதனை ஏற்க மறுத்தனர். இந்நிகழ்வில் எவரை எள்ளுவது? தண்ணீர் குடித்தவரை எள்ள முடியாது. கலந்தவர் இவர் என முகங்காட்டி எள்ளவும் முடியாது. விசாரணையின் காலத்தாழ்வை எள்ளலாம். அதற்குப் பார்வையாளர் மாதந்தோறும் வழக்கைப் பின்தொடர்ந்திருக்க வேண்டும்.

சாதியை நையாண்டி தொடவே முடியாது என்பது இதன் பொருளன்று. 2025 ஜூலையில் திருநெல்வேலியில் நிகழ்ந்த ஆணவக்கொலையைத் தொடர்ந்து கோபி, சுதாகர் இருவரும் தம் 'பரிதாபங்கள்' அலைவரிசையில் வெளியிட்ட 'சொசைட்டி பாவங்கள்' காணொலி சாதிப் பெருமிதத்தையே எள்ளலுக்கு உள்ளாக்கியது. அவர்கள்மீது காவல்துறையில் முறையீடும் அளிக்கப்பட்டது. அக்காணொலி கொல்லப்பட்டவரையோ கொலையையோ நடித்துக்காட்டவில்லை. வீட்டிலும் தெருவிலும் பெருமிதம் பேசும் வாய்களையே நடித்துக்காட்டியது. எவர்மீது சிரிக்கவேண்டும் என்பதில் அவர்கள் காட்டிய தெளிவு பாராட்டுக்குரியது. அண்மைக்காலத் தமிழ் நையாண்டியில் துணிவு மிக்க ஆக்கமாக இதனையே இக்கட்டுரை மதிப்பிடுகிறது. எனினும் அதற்கும் ஒரு செய்தி முன்னதாக வந்திருந்தது: கொல்லப்பட்டவரின் பெயர், இடம், உறவு அனைத்தும் சில நாள்களாக எல்லோர் வாயிலும் இருந்தன. வேங்கைவயலுக்கு அத்தகைய பெயரும் முகமும் இல்லை. அங்கிருந்தது 10,000 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு தொட்டி.