பக்கத்து இருக்கையின் தாளம்

மார்கழிக் கச்சேரிக்குப் புதிதாக வருகிறவரைப் பழைய ரசிகர்கள் சேர்த்துக்கொள்ளும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெயர், ஊர் விசாரிப்பெல்லாம் பிறகுதான், முதலில் தாளம். புதியவரின் கை தொடையில் தடுமாறுவதைப் பார்த்ததும், பக்கத்து இருக்கை மாமி தன் கையைச் சற்று முன்னால் நகர்த்தி, அவர் கண்ணில் படும்படி போடுவார். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்; பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கை. பட்டுப்புடவை மேல் உள்ளங்கை விழும் அந்த மெல்லிய சத்தம் புதியவருக்கு மட்டுமே கேட்கும். என்ன பதம் அது!

பாட்டு தட்டில் தொடங்காமல் சற்றுத் தள்ளி எடுத்தால் புதியவர் குழம்பிவிடுவார். மாமி பேசமாட்டார், அடுத்த தாளச் சுற்றின் முதல் தட்டைக் கொஞ்சம் அழுத்திப் போடுவார், அவ்வளவுதான். தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குப் பலர் கேன்டீன் பக்கம் எழுந்துபோனாலும் அவர் கை நிற்காது. மிருதங்கத்தின் முடிப்புக் கோர்வை மூன்றாம் முறை முடிந்து பாட்டு திரும்பும் இடத்தில் இருவர் கையும் ஒன்றாக விழும். அப்போதுதான் மாமி திரும்பிச் சிரிப்பார்.

சென்னையில் பல சபாக்களின் மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. முதல் முறை போகிறவர்கள், தாளம் போடுகிறவராகப் பார்த்துப் பக்கத்தில் உட்காருங்கள்.